சுடுதுளை எதைப் பார்த்தது: ஆற்றங்கரை அரண் ஒன்றைப் பதிவு செய்த நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு சிறு ஆற்றுப் பள்ளத்தாக்கில், இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பாதுகாப்பு அரண்களை உள்ளூர் வரலாற்றுக் குழு ஒன்று பதிவு செய்தது. அந்த வேலையின் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே எழுதுகிறேன். குழுவில் வரைபட வேலை என்னுடையது. ஊர், ஆறு, ஆட்கள் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இடிபாடுகளைத் தேடிப் போகும் மற்றக் குழுக்களுக்கு எங்கள் அனுபவம் உதவும் என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

1940 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படையினர் மீண்டு வந்தார்கள். ஆட்கள் வந்து சேர்ந்தார்களே தவிர, அவர்களுடைய பீரங்கிகளும் வண்டிகளும் டாங்கிகளும் பெரும்பாலும் பிரான்சிலேயே நின்றுவிட்டன. ஜெர்மானியர் எந்த வாரம் வேண்டுமானாலும் கடல் தாண்டி வரலாம் என்ற நிலை. உள்நாட்டுப் படைகளுக்குத் தலைமை ஏற்ற ஜெனரல் அயர்ன்சைட், நகரும் ஆயுதங்கள் இல்லாத குறையைக் கான்கிரீட்டால் ஈடுகட்டப் பார்த்தார். கரையோரத்தில் ஒரு மெல்லிய பாதுகாப்பு வளையம். அதைத் தாண்டி வரும் டாங்கிகளை நிறுத்த உள்நாட்டில் தடுப்புக் கோடுகள். ஆறு, கால்வாய், ரயில் பாதைக் கரை என்று நிலத்தில் ஏற்கெனவே இருந்த தடைகளை ஒன்றோடொன்று இணைத்து, இடைவெளிகளில் டாங்கி எதிர்ப்புப் பள்ளம் வெட்டி, பின்னால் பில்பாக்ஸ் எனப்பட்ட சிறு கான்கிரீட் அரண்களைக் கட்டினார்கள். அந்தக் கோடைக்காலத்தில் உள்ளூர்க் கட்டட ஒப்பந்தக்காரர்கள் இராணுவப் பொறியாளர்களின் மேற்பார்வையில் இரவு பகலாக வேலை செய்தார்கள்.

ஜூலையில் அயர்ன்சைட்டின் இடத்துக்கு ஆலன் புரூக் வந்தார். நீண்ட கோடுகளில் ஆட்களைப் பரப்பி வைப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வேகமாக நகரும் படைகளைக் கையில் வைத்துக்கொள்ள விரும்பினார். கோடுகளின் வேலை படிப்படியாகக் குறைந்தது. 1941 வாக்கில் சாலைகள் சந்திக்கும் ஊர்களையும் பாலங்களையும் எல்லாப் பக்கமும் காக்கும் முறைக்குக் கவனம் திரும்பியது. அந்த இடங்களில் நின்றவர்கள் பெரும்பாலும் ஹோம் கார்டு எனப்பட்ட உள்ளூர்த் தொண்டர்கள்.

ஓராண்டு இடைவெளியில் வந்த இந்த இரண்டு யோசனைகளையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளாமல் தரையில் கிடப்பதைப் புரிந்துகொள்ள முடியாது. எங்கள் வேலையில் எழுந்த குழப்பங்களில் பாதி இங்கிருந்து வந்தவை.

பிரிட்டனில் பில்பாக்ஸ்களும் இதுபோன்ற பிற அரண்களுமாக 28,000 வரை கட்டப்பட்டன என்பதும், அவற்றில் ஏறக்குறைய 6,500 எஞ்சியிருக்கின்றன என்பதும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1995இல் தொடங்கிய 'டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்' திட்டத்தில் தன்னார்வலர்கள் நாடு முழுக்க அலைந்து ஏறத்தாழ 20,000 இடங்களைப் பதிவு செய்தார்கள். மகத்தான வேலை அது. ஆனால் அந்தப் பதிவுகளில் பல, வரைபடத்தில் ஒரு புள்ளியும் ஓரிரு வரிக் குறிப்பும்தான். எங்கள் பள்ளத்தாக்கைப் பற்றி இருந்ததும் அப்படி ஒரு புள்ளிதான்: "பில்பாக்ஸ், அறுகோணம், நல்ல நிலை."

வேலை எப்படித் தொடங்கியது

ஓர் இலையுதிர்காலத்தில் அந்த நிலத்தின் விவசாயி குழுவைத் தொடர்புகொண்டார். பெரிய அறுவடை இயந்திரம் உள்ளே வர வயல் வாசலை அகலப்படுத்த வேண்டும், பில்பாக்ஸ் குறுக்கே நிற்கிறது, வசந்தத்துக்குள் உடைக்கப் போகிறேன், அதற்கு முன்னால் படம் எடுப்பதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. இத்தகைய அரண்களில் மிகச் சிலவற்றுக்குத்தான் சட்டப் பாதுகாப்பு உண்டு. இதற்கு இல்லை. சொல்லாமலே அவர் உடைத்திருக்கலாம்.

குழுவில் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், தொல்லியல் படிக்கும் மாணவர் இருவர், அப்புறம் நான். விவசாயியிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். எந்த வயலில் நடக்கலாம், வண்டியை எங்கே நிறுத்தலாம், கால்நடை இருக்கும் வாசல்களை எப்படி விட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. சில வாரங்கள் கழித்து மனத்தாங்கல் வந்தபோது அந்த ஒரு தாள்தான் உறவைக் காப்பாற்றியது.

முதல் பார்வையும் ஒரு புதிரும்

வெளியிலிருந்து பார்த்ததும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. பழைய பதிவு இதை ஒழுங்கான அறுகோணம் என்றது, அதாவது போர் அமைச்சக வடிவமைப்புகளில் வகை 22. பொறியாளர் நாடா பிடித்து அளந்ததில் பின்சுவர் மற்றவற்றைவிடத் தெளிவாக நீளமாக இருந்தது. அதன் நடுவில் வாசல், வாசலின் இருபுறமும் துப்பாக்கிக்கு ஒவ்வொரு சிறு துளை, மற்ற ஐந்து சுவர்களிலும் இலகு இயந்திரத் துப்பாக்கிக்கான சுடுதுளைகள். இது வகை 24. போர் அமைச்சகத்தின் வடிவமைப்புகளில் மிகப் பரவலாகக் கட்டப்பட்டது இதுதான்.

சுவரின் கனத்தைச் சுடுதுளையின் ஓரத்திலேயே அளக்கலாம், உள்ளே போக வேண்டியதில்லை. ஓரடிக்குச் சற்றே கூட இருந்தது. துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் கனம் அது. பீரங்கிக் குண்டைத் தாங்கக் கட்டியவற்றில் மூன்றடிக்கு மேல் இருக்கும். வெளிப்புறத்தில் செங்கல் வரிசை. பார்ப்பவர்கள் இதைச் செங்கல் கட்டடம் என்றே நினைப்பார்கள். உண்மையில் அந்தச் செங்கல் கான்கிரீட் ஊற்றுவதற்கான அச்சுதான். பலகை தட்டுப்பாடான காலம் என்பதால் செங்கல்லால் அச்சு கட்டி, உள்ளே கான்கிரீட் ஊற்றி, செங்கல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு மூலையில் செங்கல் உதிர்ந்து கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தது.

புதிர் அதன் திசையில் இருந்தது. வகை 24இல் வாசல் எதிரி வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். இங்கே எதிரி எதிர்பார்க்கப்பட்டது கிழக்கிலிருந்து, கடற்கரைப் பக்கம். வாசல் மேற்கே பார்த்தது. அதுவரை சரி. ஆனால் ஆறும் பில்பாக்ஸுக்கு மேற்குப் பக்கத்தில்தான் ஓடியது. அதாவது ஆற்றைத் தடையாக முன்னால் வைத்துக்கொண்டு நிற்க வேண்டிய அரண், ஆற்றை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு எதிரியின் கரையில் நின்றது. ஐந்து சுடுதுளைகளும் ஒரு வெறும் புல்வெளியைப் பார்த்தன. அவசரத்தில் தவறான இடத்தில் கட்டிவிட்டார்கள் என்று மாணவர்களில் ஒருவர் சொன்னார். இதுபோன்ற விளக்கத்தைப் பல பதிவுகளில் படித்திருக்கிறேன். எனக்கு அது எப்போதும் உறுத்தும். அந்த இடங்களைத் தேர்ந்தவர்கள் நிலத்தைப் பார்க்கத் தெரிந்த பொறியாளர்கள். அவர்கள் கண்ட எதையோ நாம் காணவில்லை என்று தொடங்குவதே நியாயம்.

ஒவ்வொரு சுடுதுளையும் பார்க்கும் திசையை எடுக்க முடிவு செய்தோம். சுவரோடு ஒட்டி நின்று திசைகாட்டி பிடித்தால், கான்கிரீட்டில் உள்ள இரும்புக் கம்பி முள்ளை இழுத்துவிடும். சில மீட்டர் தள்ளி நின்று, துளையின் நடுக்கோட்டில் இரண்டு கழிகளை நட்டு, அவற்றின் நேரில் திசை எடுத்தோம். ஜிபிஎஸ்ஸையும் அப்படியே திறந்த வெளியில் வைத்துத்தான் நம்பினோம்.

உள்ளே போகவில்லை

அது நவம்பர். வாசல் வழியாக எட்டிப் பார்த்த ஆசிரியை தரையில் சிறு எச்சங்களைக் கண்டு எங்களை நிறுத்தினார். குளிர்காலத்தில் வௌவால்கள் இத்தகைய குளிர்ந்த, ஈரமான, காற்று அசையாத அறைகளைத் தேடி வந்து உறங்கும். பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களுக்கும் 1981ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு உண்டு. வௌவால் இல்லாத நேரத்தில்கூட அதன் தங்குமிடத்தைச் சிதைப்பது குற்றம். குளிர்கால உறக்கத்தில் ஒருமுறை எழுப்பிவிட்டால் சேமித்து வைத்த கொழுப்பை அது செலவழித்துவிடும். உறைபனிக் காலத்தில் மறுபடி சாப்பிட அதற்குப் பூச்சி கிடைக்காது.

குழுவுக்குள் இதில் ஒரே கருத்து இல்லை. வசந்தத்தில் கட்டடமே இருக்காது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இது ஒன்றே வாய்ப்பு என்றார் பொறியாளர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குண்டு உள்ளே தெறித்துத் திரும்பாமலிருக்கவும் கூரையைத் தாங்கவும் கட்டும் நடுச்சுவர், துப்பாக்கியை ஊன்றும் மேடை, சில இடங்களில் வீரர்கள் பென்சிலில் எழுதிய தூரக் கணக்குகள் ஆகிய எல்லாமே உள்ளே இருப்பவை. ஆனாலும் உள்ளே போவதில்லை என்றே முடிவு செய்தோம். உரிமம் உள்ள ஒரு வௌவால் ஆய்வாளரை விவசாயியின் சம்மதத்தோடு அழைத்தோம். அவர் உள்ளே போய், கூரை விரிசல்களில் உறங்கும் வௌவால்களை உறுதி செய்தார். சில நிமிடம்தான் இருந்தார். வரும்போது நடுச்சுவர் ஒய் எழுத்து வடிவில் இருப்பதையும் சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் உட்புறம் பற்றி எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

விவசாயிக்கு இது பிடிக்கவில்லை. படம் எடுக்கச் சொன்னால் என் நிலத்தில் எனக்கே தடை கொண்டுவந்துவிட்டீர்களே என்றார். உரிமம் இல்லாமல் இனி இடிக்க முடியாது என்பது உண்மை. அவரிடம் மழுப்பாமல் நேராகவே சொன்னோம்: தெரியாமல் இடித்து, பிறகு தெரியவந்தால் வழக்கு அவர் மேல்தான் வரும். சில வாரங்கள் பேச்சு நின்றுபோனது.

பழைய வரைபடம் சொன்னது

இந்த இடைவெளியில் ஏட்டு வேலை நடந்தது. அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் போருக்கு முந்தைய பெரிய அளவு வரைபடத்தைப் பார்த்ததுமே புதிர் அவிழ்ந்தது. ஆறு அப்போது பில்பாக்ஸுக்குக் கிழக்கே ஒரு பெரிய வளைவாக ஓடியிருக்கிறது. போர் முடிந்தபின் வடிகால் வேலையில் அந்த வளைவை வெட்டி நேராக்கியிருக்கிறார்கள். புல்வெளியில் கோரைப்புல் முளைத்து ஈரமாகக் கிடந்த மெல்லிய பள்ளம்தான் பழைய ஆறு. 1946இல் விமானப்படை எடுத்த செங்குத்து வான்படத்தின் நகலையும் வாங்கினோம். அதிலும் ஆறு வளைந்தே ஓடியது. ஆகவே 1940இல் பில்பாக்ஸ் ஆற்றுக்குப் பின்னால், சரியான கரையில்தான் நின்றிருக்கிறது. இடம் மாறியது ஆறுதான்.

எடுத்த திசைகளைப் பழைய வரைபடத்தின் மேல் கோடுகளாக வரைந்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி தந்த மாலை அது. புல்வெளியைப் பார்த்ததாக நினைத்த கோடுகளில் இரண்டு, ஆற்றின் ஆழம் குறைந்த பழைய துறையில் குறுக்கிட்டன. ஒன்று பாலத்துக்குப் போகும் பாதையின் நெடுக ஓடியது. மீதி இரண்டும் வளைவின் வடக்குக் கரையைத் தடவிக்கொண்டு போயின. தெற்கே மட்டும் எந்தத் துளையாலும் பார்க்க முடியாத ஒரு முக்கோண வெளி மிஞ்சியது. இப்படி ஒரு ஓட்டையை விட்டிருக்க மாட்டார்கள், இதை மூட இன்னொரு அரண் இருந்திருக்க வேண்டும். அது எங்கே நின்றிருக்கலாம் என்று கணித்துப் போய்ப் பார்த்தோம். ஆற்றோரம் சரிந்து கிடந்த கான்கிரீட் பாளங்கள் தென்பட்டன. கரை அரிக்காமலிருக்க யாரோ கொட்டிய கல் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒரு பாளத்தில் சுடுதுளையின் படிக்கட்டு விளிம்பு முழுசாக இருந்தது. எந்தப் பதிவிலும் இல்லாத இரண்டாவது பில்பாக்ஸ் அது.

வான்படத்தில் இன்னொன்றும் இருந்தது. வளைவின் முனையிலிருந்து சாலை வரை வெளிறிய ஒரு கோடு: மூடப்பட்ட டாங்கி எதிர்ப்புப் பள்ளம். அது சாலையைத் தொடும் இடத்தில், புதர்வேலியின் மூலையில் ஒரு சிறு வட்ட நிழல். அதைப் பார்க்கப் போனதுதான் அடுத்த கட்டம்.

புதர்வேலியில் கிடைத்தது

பிப்ரவரியில், பறவைகள் கூடு கட்டத் தொடங்கும் முன், விவசாயி மீண்டும் அனுமதித்தார். முள்கொடிகளைக் கையால் வெட்டி விலக்கினோம். மண்வெட்டி கொண்டுபோகவில்லை. மெட்டல் டிடெக்டர் கொண்டுவரட்டுமா என்று மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். சட்டப்படி தடை இல்லை. இடம் பாதுகாக்கப்பட்ட சின்னமும் அல்ல, நிலக்காரரின் அனுமதியும் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கருவி ஒலித்தால் தோண்டத் தோன்றும். தோண்டினால் பொருள் கிடைக்கும், அது எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி போய்விடும். ஆயுதம் வைத்திருந்த இடத்தில் அதைவிடப் பெரிய காரணமும் உண்டு.

கொடிகளுக்கு அடியில் செங்கல் கட்டிய ஒரு வட்டக் குழி. நடுவில் இடுப்பளவு கான்கிரீட் உருளை. அதன் உச்சியில் துருப்பிடிக்காத எஃகு முளை ஒன்று இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. ஸ்பிகாட் மார்ட்டர் எனப்பட்ட பிளாக்கர் பம்பார்டை ஏற்றிச் சுழற்றும் பீடம் அது. 1941இலிருந்து ஹோம் கார்டுக்குக் கொடுத்த ஆயுதம். கிட்டத்தில் வரும் டாங்கியின் மேல் கனமான குண்டை எறியும், தூரம் போகாது. அதனால் எதைத் தாக்க வைத்தார்களோ அதற்கு மிக அருகிலேயே பீடம் இருக்கும். இங்கே அது பாலத்தைப் பார்த்தது. தலையைத் திருப்பினால் ஊர்ச்சாலையும் தெரிந்தது. பில்பாக்ஸ் கிழக்கை மட்டும் எதிர்பார்த்தது. ஒரு வருடம் கழித்து வந்த இந்தப் பீடமோ எந்தப் பக்கத்திலிருந்தும் எதிரி வரலாம் என்று நினைத்துக் கட்டப்பட்டது. பின்னணியில் சொன்ன கொள்கை மாற்றம், நூறு மீட்டருக்குள் கான்கிரீட்டாக நின்றது.

பீடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, குழிக்குப் பின்னால் முயல் வளையிலிருந்து வெளியே தள்ளப்பட்ட மண்ணில் கண்ணாடிச் சில்லுகள் கிடப்பதை ஆசிரியை பார்த்தார். வளையின் வாயில் ஒரு முழுப் பாட்டிலின் கழுத்தும் தெரிந்தது. மேலே சோடா மூடி. உள்ளே மஞ்சளான திரவம், அடியில் கருத்த படிவு. பால் பாட்டிலாக இருக்கும் என்று ஒருவர் குனிந்தார். பொறியாளர் அவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

அது 76ஆம் எண் எறிகுண்டு. அரை பைண்ட் பாட்டிலில் வெள்ளை பாஸ்பரஸ், பென்சீன், தண்ணீர், ஒரு துண்டு ரப்பர். ரப்பர் மெல்லக் கரைந்து கலவையைப் பிசுபிசுப்பாக்கும். பாட்டில் உடைந்து காற்றுப் பட்டால் பாஸ்பரஸ் தானே பற்றிக்கொள்ளும், பற்றவைக்க வேண்டியதில்லை. புகை நச்சு. தோலில் ஒட்டியது தண்ணீரால் அணையும், காய்ந்ததும் மறுபடி எரியும். 1941 ஆகஸ்ட் வாக்கில் அறுபது லட்சத்துக்கும் மேல் தயாரித்திருந்தார்கள். வீடுகளில் வைக்கக்கூடாது என்பதால் ஹோம் கார்டு அவற்றைப் பெட்டி பெட்டியாக மண்ணிலும் ஓடைகளிலும் புதைத்து வைத்தது. புதைத்தவர்கள் இறந்துபோனார்கள், குறிப்பேடுகள் தொலைந்தன. இன்றும் பிரிட்டனில் அவ்வப்போது கிடைத்துக்கொண்டிருக்கின்றன. காலம் அவற்றைச் செயலிழக்க வைப்பதில்லை. மூடி அரித்துப்போவதால் ஆபத்து கூடத்தான் செய்கிறது.

யாரும் எதையும் தொடவில்லை, மண்ணைத் திருப்பி மூடவும் இல்லை. வந்த தடத்திலேயே, காற்று எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம் நோக்கி விலகினோம். தூரத்திலிருந்து ஒரு படம், வயல் வாசலிலிருந்து ஓர் இடக்குறிப்பு. அவசர எண்ணில் காவல்துறையை அழைத்தோம். விவசாயியிடமும் உடனே சொன்னோம். எண்பது வருடமாகக் கிடக்கிறது, கிடக்கட்டுமே என்றுதான் அவர் முதலில் சொன்னார். முயல் இன்னும் தோண்டும், வேலி வெட்டும் இயந்திரம் அடுத்த மாதம் அந்த வழியாகப் போகும் என்று பொறியாளர் சொன்னதும் அவரே போய்ச் சாலை முனையில் நின்று ஆட்களைத் திருப்பினார்.

தொடர்ந்து நடந்தவை

காவலர்கள் வந்து இடத்தைச் சுற்றி வளைத்தார்கள். இராணுவ வெடிபொருள் அகற்றும் குழு வந்தது. இற்றுப்போன மரப்பெட்டிகளில் அடுக்கிய பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, வயலில் குழி வெட்டி, கட்டுப்பாட்டோடு எரித்தார்கள். வெள்ளைப் புகை ஊர் முழுக்கத் தெரிந்தது. பெட்டிகளை எடுக்கக் குழியின் ஒரு பக்கச் சுவரை உடைக்க வேண்டியிருந்தது. குண்டுகளை வைக்கும் மாடம் அந்தப் பக்கச் சுவரில்தான் இருந்தது. அந்தச் சுவரைப் பற்றி எங்களிடம் இருப்பது பக்கவாட்டில் எடுத்த இரண்டு படங்கள் மட்டுமே. உயிர்களோடு ஒப்பிட்டால் செங்கல் பெரிதல்ல. ஆனாலும் அந்த இழப்பைப் பதிவில் இழப்பென்றே எழுதியிருக்கிறோம்.

அதற்கடுத்த வாரங்களில்தான் ஊரில் பேச்சு கிளம்பியது. முதியவர் ஒருவர், தன் தந்தை ஹோம் கார்டில் இருந்ததாகவும் அந்த வேலி மூலைக்கு விளையாடப் போகக்கூடாது என்று அடித்தே சொல்லியிருந்ததாகவும் சொன்னார். விவசாயியின் குடும்பத்திலும் அந்த மூலையை மட்டும் உழாமல் விடும் வழக்கம் இருந்திருக்கிறது. பாறை இருப்பதாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள். காரணம் மறந்துபோய், எச்சரிக்கை மட்டும் ஒரு தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

வயல் வாசலைச் சாலையில் சற்று வடக்கே மாற்றி அமைக்கலாம் என்று யோசனை சொன்னவர் பொறியாளர். இடிப்பதற்கான உரிமம், இயந்திரம், கான்கிரீட்டை அப்புறப்படுத்தும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு விவசாயி ஒப்புக்கொண்டார். பில்பாக்ஸ் நிற்கிறது. வௌவால்கள் போய்வரும்படி வாசலில் கிடைக்கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். கோடையில் அவை வெளியேறியபின், ஆய்வாளரின் துணையோடு உள்ளே ஒரு பகல் வேலை செய்ய முடிந்தது. பென்சில் எழுத்துகள் எதுவும் இல்லை. ஆனால் பழைய துறையைப் பார்க்கும் இரண்டு துளைகளின் அடியில் மட்டும் ஊன்றுமேடையைத் தனியாக உயர்த்திக் கட்டியிருந்தார்கள். திசைக்கோடுகள் காட்டியதை அது உறுதி செய்தது.

மாவட்டத்தின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டில் பழைய ஒற்றைப் புள்ளி போய்விட்டது. இப்போது அங்கே இருப்பது ஒரு தொகுதி: இரண்டு பில்பாக்ஸ்கள், மூடிய பள்ளம், பீடம், பழைய ஆற்றுத்தடம், இவற்றை இணைக்கும் சுடுகோடுகள். இடக்குறிப்பும் திருத்தப்பட்டது, முந்தையது நூறு மீட்டருக்கு மேல் விலகியிருந்தது. அந்தப் பில்பாக்ஸைக் காப்பாற்றியதைவிட இதுதான் பெரிய பயன் என்பது என் கருத்து. கான்கிரீட் என்றாவது உதிரும், ஆனால் அது எதைக் காக்க நின்றது என்பது இனித் தொலையாது.

அடுத்த முறை மாறுபவை

பழைய வரைபடமும் வான்படமும் களத்துக்கு முன்னால் வரவேண்டும். நிலத்தைப் பார்த்துவிட்டு ஏட்டுக்குப் போனதால் சில வாரங்கள் வீணாயின. வடக்கே அடுத்த பகுதிக்கு இப்போது நான் முதலில் வரைவது போர்க்காலத்து ஆற்றின் தடத்தைத்தான். 1940இலேயே கட்டியதா, 1941க்குப் பிறகு வந்ததா என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் குறிக்கிறோம். இரண்டையும் ஒரே நிறத்தில் போட்டால் பீடம் ஏன் ஊரைப் பார்க்கிறது என்று யாருக்கும் விளங்காது.

ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவதும் இனி முதல் வேலைகளில் ஒன்று. பில்பாக்ஸ் எங்கே என்று கேட்டால் போதாது. எங்கே போகக்கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள், எந்த மூலையை உழுவதில்லை, எங்கே ஹோம் கார்டு கூடும் என்று கேட்க வேண்டும். போரைப் பார்த்தவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் வயதாகிறது.

ஸ்பிகாட் பீடம், சாலைத் தடுப்பு, ஹோம் கார்டு சந்திப்பிடம் ஆகியவற்றின் சுற்றுப்புறத்தைப் புதைந்த வெடிபொருள் இருக்கக்கூடிய இடமாகவே நடத்துகிறோம். முள் வெட்டப் போகும் முன் எல்லோருக்கும் 76ஆம் எண் பாட்டிலின் படத்தைக் காட்டுகிறோம். முன்பு ஒருவருக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. அவர் அன்று வராமல் போயிருந்தால் அந்தக் கை பாட்டிலைத் தொட்டிருக்கும். கீழே கிடக்கும் எதையும் நினைவுப்பொருளாக எடுத்துப்போகும் வழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. எங்கள் குழுவில் அதற்கு இடமில்லை, இதை அனுமதித் தாளிலேயே எழுதிவிட்டோம்.

வௌவால் பற்றிய பேச்சை நிலக்காரரிடம் முதல் நாளே தொடங்குகிறோம். வேலை பாதியில் இருக்கும்போது சொன்னால் அது மிரட்டலாகத்தான் கேட்கும்.

ஆற்றோரம் சரிந்த இரண்டாவது பில்பாக்ஸைக் காப்பாற்ற வழி இல்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஆசிரியை போய் அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் படம் எடுக்கிறார். சுடுதுளை இருந்த பாளம் சென்ற குளிர்காலத்தில் தண்ணீருக்குள் போய்விட்டது. அதன் அளவுகளும் அது பார்த்திருக்கக்கூடிய திசையும் பதிவேட்டில் இருக்கின்றன. திசை கணித்தது, அளந்தது அல்ல என்ற குறிப்போடு.